தகரப்பெட்டி ஒன்று போதாது

(பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டு கால் வலியோடு வந்திருக்கிறீர்கள், நீட்டி முழக்க மாட்டோம். இன்று பேசப்போவது உங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப்பெட்டியைப் பற்றி. பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, ஈ.பி.எஃப். கடுதாசி, பிள்ளைகளின் ரிசல்ட் ஷீட், சிலருக்குத் தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைப் பத்திரம், எல்லாம் அதிலேதான் கிடக்கு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஆபத்தான இடம் என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. லயங்கள் அங்கேயேதான் இருந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு அப்பா அம்மாவும் இல்லை. அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று காட்டவும் கடுதாசி வேணும். அந்தக் கடுதாசியும் மண்ணுக்குள்ளே. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையோடு நம் பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண்சரிந்தது.

மலை சரியணும் என்றும் இல்லை. லயத்தில் ஒரே கூரை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அடுத்ததும் போகும். சொல்ல வெட்கந்தான், நம்ம வீட்டிலேயே விளக்கு சரிந்து ஒரு அலுமாரி எரிந்தது. போட்டோ கொப்பி எடுத்துத்தான் வைத்திருந்தோம். ஆனால் ஒரிஜினலோடு ஒரே உறைக்குள்! இரண்டும் சேர்ந்து சாம்பலாச்சு. மற்றவர்களுக்குப் புத்தி சொல்லுகிற வேலையில் இருந்துகொண்டு இப்படிச் செய்தோம்.

நமக்கு இந்தக் கடுதாசிகள் சும்மா இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரஜாவுரிமை இழந்த சனம் நாம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒரு பத்திரத்துக்காகக் கந்தோர் கந்தோராக ஏறியிறங்கினார்கள் நம் பெரியவர்கள். இன்றைக்கும் செக்றோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா என்று இருந்தால் ஈ.பி.எஃப். காசு எடுக்கும்போது தெரியும் கஷ்டம்.

ஆகவே கொப்பி வேறு மலையில் இருக்கட்டும். பண்டாரவளையில் அக்கா இருந்தால் அங்கே ஒரு கட்டு. தண்ணி போகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்க. போன் இருக்கிற தம்பிமார் எல்லாவற்றையும் எழுத்து வாசிக்கிற மாதிரி படம் பிடித்து, கொழும்பில் வேலை செய்கிற அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. கூகுள் டிரைவிலும் போடுங்க, போன் உடைந்தாலும் படம் மிஞ்சும். லோன் தாறோம், பரிசு விழுந்திருக்கு என்று கேட்கிறவனுக்கு மட்டும் அடையாள அட்டைப் படம் அனுப்பிடாதீங்க.

படம் பத்திரம் ஆகாது, அது உண்மை. ஆனால் பதிவு இலக்கமும் திகதியும் அதில் தெரியும். அதை வைத்துப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்டால் பழைய புத்தகங்களைத் தேடும் பாடு குறையும்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு தகரப்பெட்டியை இங்கே கொண்டு வாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் உட்கார்ந்து பார்ப்போம். வாசிக்கத் தெரியாத பாட்டிமாரை முதலில் அனுப்புங்க.