எரிபொருள் சிக்கனக் கருவிகளும் ஹைடிரஜனும்

பெட்ரோல் விலை உயரும் போதெல்லாம் சந்தையில் ஒரு வகைச் சரக்கு பெருகுவது வழக்கம். எரிபொருள் குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தம், காற்று செல்லும் வழியில் பொருத்தும் சிறு விசிறி, தொட்டியில் இடும் மாத்திரை, தண்ணீரிலிருந்து ஹைடிரஜனைப் பிரித்து எஞ்சினுக்கு ஊட்டும் புட்டி என அவை பல வடிவில் வருகின்றன. 1973-74இல் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கான போது உலகெங்கும் இவை பெருகின. இன்றும் குறையவில்லை. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவில், சிக்கனத்தை விரும்பாதவர் எவரும் இல்லை. அந்த நியாயமான விருப்பமே இக்கருவிகளின் மூலதனம்.

ஒரு கருவி 30 சதவிகிதம் மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்டால், அந்த 30 சதவிகிதம் எங்கிருந்து வருகிறது என்பதே முதற் கேள்வி. எஞ்சினில் எரியாமல் வீணாகும் பெட்ரோலை இது எரிக்கிறது என்பது வழக்கமான விடை. ஆனால், நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் 98 சதவிகித எரிபொருள் ஏற்கெனவே எரிந்து விடுகிறது. எனவே அவ்வழியில் மீட்கக் கூடியது அதிகம் போனால் இரண்டு சதவிகிதமே. பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கு அளவே இயக்கமாகிறது என்பது உண்மைதான். ஆனால் எஞ்சியது எரியாத எரிபொருள் அன்று. புகைக்குழாய் வழியாகவும் குளிர்விப்பு நீர் வழியாகவும் வெளியேறும் வெப்பம். வெப்ப எஞ்சின்களின் இந்த எல்லையை 1824ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் கார்னோ ஆராய்ந்து காட்டினார். குழாயில் கட்டிய காந்தம் அதை மாற்றி விடாது.

தண்ணீர்ப் புட்டியின் கதையை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுப்பதாகக் கொண்டால், மணிக்கு 4 லிட்டர் பெட்ரோல் செலவாகும். லிட்டருக்கு 32 மெகாஜூல் வீதம் அது 128 மெகாஜூல். புட்டியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு, 14 வோல்ட் அழுத்தத்தில் 20 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்க. ஃபாரடேயின் விதிப்படி ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் ஹைடிரஜன் நாலரை கிராம். அதன் ஆற்றல் அரை மெகாஜூலைச் சற்றே தாண்டும். கார் செலவிடும் ஆற்றலில் இது இருநூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

அதற்கு ஆகும் செலவு என்ன? மின்னாற்பகுப்புக்கு ஒரு மெகாஜூல் மின்சாரம் வேண்டும். அதை மின்னாக்கி தருகிறது. மின்னாக்கியை எஞ்சின் சுழற்றுகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் வேண்டும். எஞ்சினின் திறன் 25 சதவிகிதம், மின்னாக்கியின் திறன் 60 சதவிகிதம் என்று கொண்டால் ஆறு மெகாஜூலுக்கு மேல் பெட்ரோல் எரிகிறது. போட்ட முதலில் பத்தில் ஒரு பங்கும் திரும்பவில்லை. தண்ணீர் என்பது ஹைடிரஜன் எரிந்து முடிந்த பின் எஞ்சும் பொருள். சாம்பலை மீண்டும் விறகாக்க, விறகு தந்த வெப்பத்தை விட அதிகச் செலவு ஆகுமேயன்றிக் குறையாது.

ஹைடிரஜன் எரிபொருளாக அன்றி, பெட்ரோல் நன்கு எரியத் துணை செய்யும் பொருளாகவே சேர்க்கப்படுகிறது என்று சிலர் வாதிடுவதுண்டு. ஹைடிரஜனின் சுடர் விரைந்து பரவும் என்பதும், காற்று மிகுந்த கலவையை எரிக்க அது உதவும் என்பதும் ஆய்வில் கண்ட உண்மைகள். ஆனால் அப்பயனைப் பெற, அதற்கேற்ப எஞ்சினின் கலவையையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றி அமைக்க வேண்டும். அது பொறியியல் ஆய்வுக்கூடத்தின் பணி. புட்டியைப் பொருத்துவதால் முடிவதன்று.

எனினும், பயன் கண்டதாகச் சொல்லும் ஓட்டுநர்கள் எல்லாரும் பொய் சொல்பவர்கள் அல்லர். கருவிக்குப் பணம் கொடுத்தவர் அன்று முதல் நிதானமாக ஓட்டுகிறார். கருவியைப் பொருத்தும் போதே மெக்கானிக் காற்று வடிகட்டியைத் துடைத்து, டயருக்குக் காற்றும் நிரப்பி விடுகிறார். மிச்சம் உண்மையாகவே கிடைக்கிறது. அதன் பெருமை மட்டும் கருவிக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவேதான் முறையான சோதனை வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மதிப்பிட்டது. மிகச் சிலவே ஓரளவு பயன் தந்தன. பெரும்பாலானவை எப்பயனும் தரவில்லை.

சோதனைக்கு உட்படாத நம்பிக்கை எங்கு கொண்டு செல்லும் என்பதற்கு 1996ஆம் ஆண்டு இரு சான்றுகள் தந்தது. தண்ணீரால் கார் ஓடும் என்று முதலீடு திரட்டிய ஸ்டான்லி மேயரின் செயல் மோசடி என்று ஒஹையோ மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்து, பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் மூலிகை பெட்ரோல் பற்றிய செய்தி நாடெங்கும் பரவி, அரசு அறிவியல் நிறுவனங்களின் கதவையும் தட்டியது. அவ்விவகாரத்தில் 2016இல் சென்னை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

இவற்றைக் கொண்டு ஹைடிரஜனையே ஒதுக்குவதும் தவறாகும். 1807இலேயே டி ரிவாஸ் என்பவர் ஹைடிரஜனால் இயங்கும் எஞ்சினை அமைத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவாஸ்தவாவின் குழு ஹைடிரஜனில் ஓடும் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளை உருவாக்கிக் காட்டியது. 2020இல் தில்லியில் இயற்கை வாயுவுடன் 18 சதவிகிதம் ஹைடிரஜன் கலந்து பேருந்துகள் சோதனையாக ஓட்டப்பட்டன. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைடிரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டது. இவை எவற்றிலும் இலவச ஆற்றல் என்ற பேச்சு இல்லை. ஒரு கிலோகிராம் ஹைடிரஜனைத் தண்ணீரிலிருந்து பெற 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. சாதாரண அழுத்தத்தில் 3,000 லிட்டர் ஹைடிரஜன்தான் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகும்; எனவே அதைப் பெரும் அழுத்தத்தில் அடைத்தோ, மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்தோ வைக்க வேண்டும். ஹைடிரஜன் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஊர்தி. அது ஆற்றலின் ஊற்று அன்று.

போக்குவரத்துக் கழகத்துக்கோ அலுவலக வண்டிகளுக்கோ கருவி வாங்கும் கோப்பு வரும் போது, அதிகாரி மூன்று கேள்விகள் கேட்டால் போதும். மிச்சமாகும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தொடர்பற்ற ஆய்வுக்கூடம் ஒன்று சோதித்ததா? ஒரே வண்டியில், ஒரே பாதையில், ஓட்டுநருக்குத் தெரியாமல் கருவியை இணைத்தும் துண்டித்தும் எரிபொருள் அளக்கப்பட்டதா? புனேயில் 1966 முதல் இயங்கி வரும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிறுவனங்கள் இப்பணிக்கென்றே உள்ளன.

1978இல் நிறுவப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் மக்களுக்குச் சொல்லி வருபவை எளியவை: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம், டயரில் சரியான காற்று, தூய வடிகட்டி, நிற்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்துதல். இவற்றை எவரும் புட்டியில் அடைத்து விற்க முடியாது. அதனால்தான் இவற்றுக்கு விளம்பரமும் இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது. ஆட்டோ ஓட்டுநரின் ஒரு வார வருவாயும் அரசுக் கருவூலத்தின் பணமும் வீணாகாமல் காக்கும் அந்தக் கடமை, ஒரு கூட்டல் கழித்தல் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.