நாயும் நாடகமும் நண்பரும்: சார்லஸ் லாமின் இலையுதிர்காலங்கள்



சார்லஸ் லாம் என்னும் பெயர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கிலம் பயின்ற பலர்க்கும் பழகிய பெயர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கதைகளாக்கித் தந்தவர், 'எலியா' என்னும் புனைபெயரில் கட்டுரை எழுதியவர், நகைச்சுவை மிக்கவர் என்ற மூன்று செய்திகளோடு அவரைப் பற்றிய அறிமுகம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கோலரிட்ஜ் தத்துவத்தை ஆராய்ந்தார். வேர்ட்ஸ்வொர்த் மலைகளையும் ஏரிகளையும் பாடினார். அவ்விருவர்க்கும் நெருங்கிய நண்பரான லாமோ பழைய பீங்கான் கோப்பையைப் பற்றியும், சுட்ட பன்றியிறைச்சியைப் பற்றியும், சிறு வயதில் கண்ட முதல் நாடகத்தைப் பற்றியும் எழுதினார். எனவே, அவர் சிறிய பொருள்களைப் பற்றி எழுதிய சிறிய எழுத்தாளர் என்றொரு மதிப்பீடு நிலவுகிறது. அம்மதிப்பீடு பொருந்துமா என்பதை, அவருடைய வாழ்வின் சில இலையுதிர்காலங்களை முன்வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் இலையுதிர்காலம் செப்டம்பரில் தொடங்குகிறது. லாமின் வாழ்வில் அப்பருவம் ஒரு கொடிய நாளோடு பிணைந்தது. 1796ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், அவருடைய தமக்கை மேரி, சித்தம் பிறழ்ந்த நிலையில், உணவு ஏற்பாடாகிக் கொண்டிருந்த வேளையில், கத்தியால் தாயைக் குத்திக் கொன்றுவிட்டார். தந்தையும் காயமுற்றார். தமக்கையின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கியவர் சார்லஸ். அப்போது அவருக்கு வயது 21, மேரிக்கு 31. தையல் தொழிலால் குடும்பத்தைத் தாங்கி, படுக்கையிலிருந்த தாயை இரவும் பகலும் பேணிக் களைத்துப் போனவர் மேரி. சார்லஸும் அதற்கு முந்திய குளிர்காலத்தில் ஆறு வாரங்கள் மனநோய் விடுதியில் இருந்து மீண்டவர்தாம்.

மேரியை வாழ்நாள் முழுதும் விடுதியிலேயே வைத்துவிட வேண்டும் என்பது மூத்த சகோதரரின் கருத்து. சார்லஸ் அதற்கு இசையவில்லை. தமக்கைக்குத் தாமே பொறுப்பு என்று உறுதி கொடுத்தார். 1799இல் தந்தை மறைந்தபின் மேரி அவரோடு வந்து சேர்ந்தார். அன்றுமுதல் 1834இல் சார்லஸ் இறக்கும்வரை இருவரும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர். நோய் அடிக்கடி திரும்பி வந்தது. அதன் முன்குறிகளை மேரி தாமே உணர்ந்து சொல்வார். உடனே இருவரும் விடுதிக்குப் புறப்படுவர். அவ்வாறு ஹாக்ஸ்டன் வயல்வெளிப் பாதையில் அக்காளும் தம்பியும் அழுதுகொண்டே நடந்து சென்றதை அவர்களுடைய நண்பர் சார்லஸ் லாய்டு ஒருமுறை நேரில் கண்டார். வெளியூர்ப் பயணம் போகும்போது, நோயின் வேகத்தில் கைகளைக் கட்டுதற்கான சட்டையையும் மேரி தம் மூட்டையில் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

இந்தப் பின்னணியை மனத்தில் இருத்திக்கொண்டுதான் லாமின் சிறு இன்பங்களைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது இன்பம் நாடகம். அக்கால இலண்டனில் ட்ரூரி லேன், காவென்ட் கார்டன் என்னும் இரு பெரிய அரங்குகளும் செப்டம்பரில் திறந்து, அடுத்த கோடையின் தொடக்கம்வரை இயங்கும். இலை உதிரும் பருவமே நாடகம் தளிர்க்கும் பருவம். ஆறேழு வயதுச் சிறுவனாகத் தாம் கண்ட முதல் நாடகத்தைப் பற்றி, நாற்பத்தாறாம் வயதில், 1821இல் லாம் எழுதினார். அக்கட்டுரையின் சுவை நாடகக் கதையில் இல்லை. இலவச நுழைவுச்சீட்டுத் தந்த எண்ணெய்க்கடைக்காரர், மழை நின்றுவிடாதா என்று சன்னலோரத்தில் ஏங்கி நின்ற சிறுவன், திரை எழுவதற்கு முன்னைய அந்தக் காத்திருப்பு ஆகியவற்றிலேயே உள்ளது.

'பழைய பீங்கான்' என்னும் கட்டுரை 1823இல் வெளிவந்தது. அதில் 'பிரிட்ஜெட்' என்னும் பெயரில் மேரியே பேசுகிறார். வறுமை இருந்த நாளில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மேல்மாடியில் நெருக்கியடித்து அமர்ந்து, ஒரு பருவத்திற்கு மூன்று நான்கு முறை மட்டும் நாடகம் பார்த்த மகிழ்ச்சி, பணம் வந்து நல்ல இருக்கையில் அமர்ந்தபின் இல்லாமற் போயிற்று என்பது அவருடைய முறையீடு. வாங்கலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் எண்ணி, பின்னர் ஓரிரவில் கடைக்காரரை எழுப்பிப் பழைய நாடகத் தொகுதி ஒன்றை வாங்கிச் சுமந்துவந்ததும் அங்கே நினைவுகூரப்படுகிறது. ஏங்கிப் பெற்றதே இன்பம் என்பது அக்கட்டுரையின் வெளிப்படையான கருத்து. அதனுள் இன்னொன்றும் மறைந்துள்ளது. எந்த நாள் பறிபோகுமோ என்று அறியாதவர்கள், கிடைத்த ஒவ்வொரு மாலையையும் எண்ணி எண்ணி வைத்துக்கொள்கிறார்கள்.

1817ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இருவரும் ரஸ்ஸல் தெருவிற்குக் குடிபெயர்ந்தனர். முன்பக்கத்தில் ட்ரூரி லேன் அரங்கு. பின்பக்கத்தில் காவென்ட் கார்டன் அரங்கு. சன்னலோரத்தில் தையலோடு அமரும் மேரி, காவல்துறையினர் திருடரை நீதிமன்றத்திற்கு இழுத்துச் செல்வதையும் வேடிக்கை பார்த்தார். ஊரின் ஓசை நடுவே தாங்கள் நிம்மதியாக இருப்பதாக அந்த நவம்பரில் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கைக்கு அவர்கள் எழுதினர். லாமின் நாடகக் காதல் அவருக்குத் தோல்வியும் தந்தது. அவர் எழுதிய கேலி நாடகம் 1806 டிசம்பரில் ட்ரூரி லேனில் ஒரே இரவோடு முடிந்தது. அவையினர் சீழ்க்கையடித்தபோது ஆசிரியரும் உடன் சேர்ந்து அடித்தார். 1819இல், தாம் வியந்த நடிகை ஃபேன்னி கெல்லியை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அன்றே மறுப்பு வந்தது. அன்றே, பழைய நட்பு தொடரட்டும் என்று லாம் மறுமொழி அனுப்பினார். நட்பும் தொடர்ந்தது. இல்லத்தில் பரவியிருந்த நோயே தம் மறுப்பிற்குக் காரணம் என்பதைக் கெல்லி தம் உடன்பிறந்தாளுக்குத் தெரிவித்தார்.

இரண்டாவது இன்பம் நண்பர்கள். டெம்பிள் பகுதியில் வாழ்ந்த ஆண்டுகளில் புதன்கிழமை மாலைகளிலும், பின்னர் வியாழக்கிழமைகளிலும் லாமின் கதவு திறந்திருக்கும். சீட்டாட்டம், ஆறிய இறைச்சி, பார்லி மது, விடியும்வரை பேச்சு. ஹாஸ்லிட் வருவார், காட்வின் வருவார், கோலரிட்ஜ் ஊரில் இருந்தால் அவரும் வருவார். கப்பற் தலைவர் குக்கோடு கடலோடிய ஜேம்ஸ் பர்னி சீட்டாட்டத்தில் அமர்வார். 1811இல் லாசா நகரை அடைந்து தலாய் லாமாவைக் கண்ட தாமஸ் மேனிங் லாமின் நெருங்கிய தோழர். இத்தகையோர்க்கு நடுவில் இருந்த லாமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கர். 1792 முதல் 1825 வரை 33 ஆண்டுகள், இந்தியத் துணிக்கும் அவுரிக்கும் சீனத் தேயிலைக்கும் கணக்கெழுதியவர். தம்முடைய மெய்யான படைப்புகள் கம்பெனியின் பேரேடுகளே என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவ்வட்டத்திற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, தீர்மானமும் இல்லை. ஆயினும் ஹாஸ்லிட்டின் கட்டுரைகளுள் ஒன்று அந்த மாலைகளில் ஒன்றின் உரையாடலாகவே அமைந்தது. இறந்தோருள் யாரைக் காண விருப்பம் என்ற வினாவை எழுப்பி அவ்வுரையாடலை நடத்திச் செல்பவர் லாம். அம்மாலைகளுக்கு ஒரு விலையும் இருந்தது. இரவு நீளும் விருந்தும் பயணத்தின் பரபரப்பும் மேரியின் நோயைத் தூண்டக்கூடியவை. 1822 கோடையில் பிரான்சுக்குச் சென்றபோது மேரி வழியிலேயே நோயுற்றார். எனவே இன்பத்தையும் மருந்துபோல் அளந்தே கொள்ள வேண்டியிருந்தது. நண்பர் கூட்டத்திலிருந்து சில காலம் விலகி ஊர்ப்புறத்தில் தங்குவதும் அவர்கள் வழக்கம்.

அவ்வாறு விலகி வந்த இடமே இஸ்லிங்டனில் உள்ள கோல்புரூக் குடில். 1823 செப்டம்பரில், முதன்முறையாகத் தனி வீடும் தோட்டமும் உடையவராயினர். திராட்சைக் கொடியும் பேரிக்காயும் கோசும் கேரட்டும் உள்ள தோட்டத்தைப் பற்றி லாம் எழுதிய கடிதம், நிலக்கிழார் ஒருவரின் பெருமிதத்தைக் கேலியாகப் பூண்டுகொள்கிறது. வாசலுக்கு முன்னே 'புதிய ஆறு' ஓடியது. அது ஆறன்று, இலண்டனுக்குக் குடிநீர் கொணர 1613இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாய். அந்த நவம்பரில், கிட்டப்பார்வையும் மறதியும் மிக்க அறிஞர் ஜார்ஜ் டயர் விடைபெற்றுப் புறப்பட்டு, பட்டப்பகலில் நேரே கால்வாய்க்குள் நடந்து சென்றுவிட்டார். அவரைத் தூக்கியெடுத்து, படுக்கையில் கிடத்தி, பிராந்தி புகட்டினர். அடுத்த மாதமே அந்நிகழ்ச்சி கட்டுரையாக அச்சேறியது. மரணம் வாசலருகே வந்து திரும்பிப் போனதைச் சிரிப்பாக்கித் தந்த கட்டுரை அது. சிரிப்பு அச்சத்தை மறைக்கவில்லை, அதைத் தாங்கக்கூடியதாக்குகிறது.

இஸ்லிங்டன் நாள்களில்தான் அவ்வீட்டிற்குப் புதிய நாய் ஒன்று வந்தது. கவிஞர் தாமஸ் ஹூட் கொடுத்த அந்தப் பெரிய, அழகிய நாயின் பெயர் டாஷ். லாம் நெடுந்தொலைவு நடப்பவர். நாய் வந்தபின் அவர் நடை அவருடையதாக இல்லை. நாய் அரை மைல் முன்னே ஓடும். இல்லையேல் அரை மைல் பின்தங்கும். கண்ணுக்கு மறைந்தால் தொலைந்துவிடுமோ என்று லாமுக்குப் பதைப்பு. கட்டி இழுக்கவோ மனம் வராது. ரீஜன்ட்ஸ் பூங்காவிற்குப் போனால், டாஷ் வேலியைக் கடந்து புல்வெளியில் மறைந்துவிடும். கால்மணியோ அரைமணியோ கழித்து அது திரும்பும்வரை லாம் நின்ற இடத்திலேயே நிற்பார். அந்த வழி லாமுக்குப் பிடிக்காது, டாஷுக்குப் பிடிக்கும். ஆதலால் அங்கேயே அடிக்கடி போயினர் என்று நண்பர் பாட்மோர் பதிவு செய்துள்ளார்.

இக்காட்சியில் நகைச்சுவை மட்டுமா உள்ளது? அன்புக்குரிய ஓர் உயிர் கண்காணாத இடத்திற்குப் போய்விடும். அது திரும்பும்வரை காத்து நிற்க வேண்டும். போனதற்காகச் சினத்தல் கூடாது. முப்பது ஆண்டுகளாக லாம் பயின்ற ஒழுக்கம் இதுவே அன்றோ? பூங்கா வேலியருகே நின்ற அந்தக் கறுப்பு உடை மனிதருக்கு அவ்வாறு நிற்பது புதிதன்று.

இறுதியில் நாயை வேறிடத்திற்கு அனுப்பியவர் மேரி. இதனால் சார்லஸின் உயிரே போய்விடும் என்று அஞ்சி, டாஷை ஏற்றுக்கொள்ளுமாறு பாட்மோரை அவர் வேண்டிக்கொண்டார். யாரைக் காப்பதற்காகத் தம்பி தம் வாழ்வை ஈந்தாரோ, அந்தத் தமக்கை தம்பியைக் காத்த தருணம் அது. புதிய இடத்தில் டாஷ் மிக அடக்கமான நாயாக நடந்துகொண்டதாம். லாமிடம் அது அடங்காததற்குக் காரணம், அடங்க வேண்டியதில்லை என்பதை அறிந்திருந்ததே.

1827 செப்டம்பரில், என்ஃபீல்டிலிருந்து லாம் பாட்மோருக்கு ஒரு கடிதம் எழுதி நாயின் நலம் விசாரித்தார். டாஷின் அறிவு தெளிவாக உள்ளதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்று கேட்கிறார். முறையற்ற முதல் உறுமல் எழுந்தவுடனே செயின்ட் லூக்ஸுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் அறிவுரை கூறுகிறார். செயின்ட் லூக்ஸ் என்பது இலண்டனின் மனநோய் மருத்துவமனை. வெறிநாய் அச்சம் பரவியிருந்த நாள்களில் எழுதிய வேடிக்கைக் கடிதம் என்று இதை எவரும் படித்துச் சிரிக்கலாம். எழுதியவரின் வாழ்வை அறிந்தவர்க்கோ அச்சிரிப்பு பாதியில் நின்றுவிடும். தாமே விடுதியில் இருந்தவர், தமக்கையின் கைப்பற்றி எத்தனையோ முறை அவ்வாசல்வரை நடந்தவர், தம் வாழ்வின் பேரச்சத்தை ஒரு நாயின் மேல் ஏற்றி விளையாடுகிறார். அதை வெல்ல இயலாது என்று அவர் அறிவார். அதனோடு விளையாட இயலும் என்பதையும் அறிவார்.

லாம் சிறிய பொருள்களை எழுதியது பெரியவை தெரியாததால் அன்று. பெரிய துன்பம் இல்லத்தின் உள்ளேயே குடியிருந்தது. அதைப் பற்றி அச்சில் அவர் வெளிப்படையாக எழுதவில்லை. தமக்கையின் மானத்தை அவ்வாறு காத்தார். எழுதியவை நாடகக் கொட்டகையும், நண்பர் கூட்டமும், தோட்டத்துப் பேரிக்காயும். ஒரு நாள் துன்பமின்றிக் கழிந்தது என்பதற்கு அவையே சான்றுகள். துறவியர் இன்பத்தை விலக்கி உறுதி பெறுவர். லாம் சிறு இன்பத்தை விடாது பற்றி உறுதி பெற்றார். இரண்டும் நோன்பே.

1834 டிசம்பர் 27ஆம் நாள், நடைவழியில் இடறி விழுந்த காயத்தின் விளைவாக, எட்மன்டனில் லாம் காலமானார். மேரி மேலும் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1847இல் மறைந்தார். இருவரும் ஒரே கல்லறையில் உள்ளனர்.

பத்தாண்டுகள் தொடர்ந்து கூடுதல் ஓர் இலக்கிய வட்டத்திற்கு எளிய செயலன்று. வருகின்ற ஒவ்வொருவரும் எந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு அந்த மாலைக்கு வருகின்றனர் என்பது பிறர்க்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, அமர இடம் இருந்தது என்பதே போதுமானது. லாமின் இல்லம் அந்த மூன்றையும் தந்தது. இவ்வட்டமும் தொடர்ந்து தருவதாக.