முதல் கேமரா: நீங்க எவ்வளவு தூரத்துல நிற்கப் போறீங்க?

"பறவை, விலங்கு படம் எடுக்க ஆசை. முதல் கேமரா எதை வாங்கலாம்?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். மாடல் பெயரைச் சொல்றதுக்கு முன்னாடி, நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

என் முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவை அதோட வந்த 18-55 லென்ஸோடதான் வாங்கினேன். மெகாபிக்சல் அதிகம்னு கடையில சொன்னாங்க, அதுல மயங்கிட்டேன். ஒரு சித்திரை மாசம், எங்க ஊர் ஏரிக்குள்ள ஆள்காட்டிக் குருவி ஒண்ணைப் பார்த்தேன். படத்துல அது ஒரு புள்ளி மாதிரிதான் விழுந்துச்சு. கிட்டப் போனேன். அது கத்திக்கிட்டே தலைக்கு மேல சுத்துச்சு. நல்ல போஸ் குடுக்குதுன்னு நினைச்சு அரை மணி நேரம் அங்கேயே நின்னேன். ஆடு மேய்ச்சிட்டிருந்த ஒரு பெரியவர்தான் கூப்பிட்டார்: "தம்பி, அது முட்டை வச்சிருக்கு. நீ தள்ளி வந்தாத்தான் அது போய் உக்காரும்."

ஆள்காட்டி வெறும் தரையிலதான் முட்டையிடும். கூடுன்னு பெரிசா ஒண்ணும் இருக்காது. உச்சி வெயில்ல தாய்ப் பறவை முட்டை மேல நின்னு நிழல் குடுக்கும். வயித்து இறகைத் தண்ணியில நனைச்சிட்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். அந்த அரை மணி நேரம் அதைச் செய்ய விடாம நான் நின்னிருக்கேன். அந்த முட்டைகள் பொரிச்சுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால என் முதல் கேள்வி இதுதான்: எவ்வளவு தூரத்துல நிற்கப் போறீங்க? பறவைக்குக் குறைஞ்சது 300 மி.மீ. லென்ஸ் வேணும். சின்ன சென்சார் உள்ள, அதாவது ஏபிஎஸ்-சி கேமராவுல போட்டா, அது நிக்கான்ல 450, கேனான்ல 480 மி.மீ. அளவுக்குப் பார்வையைக் குறுக்கிக் காட்டும். மெகாபிக்சல் கணக்கெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

பட்ஜெட் குறைவா இருந்தா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பிரிட்ஜ் கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது. நிக்கான் பி950-ஐ எடுத்துக்குங்க. 24-ல இருந்து 2000 மி.மீ. வரைக்கும் போகும். தூரத்துல இருக்கிற பறவையை அடையாளம் காண அருமையானது. ஆனா சென்சார் ரொம்பச் சின்னது. விடியற்காலை, அடர்ந்த காடுன்னா படத்துல புள்ளி புள்ளியா இரைச்சல் வந்துடும். பறக்கிற பறவையைத் துரத்திப் பிடிக்கவும் திணறும்.

ரெண்டாவது, பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு 70-300 லென்ஸும். பறக்கிற பறவைக்கு இதுதான் என் சிபாரிசு. கேனான் 7டி மார்க் 2 மாதிரி 2014-ல வந்த கேமராகூட நொடிக்கு 10 படம் எடுக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது, ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க; சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, வேண்டாம்னு வந்துடுங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அது சீக்கிரம் வரும். காசு மிச்சமிருந்தா பாடிக்குப் போடாதீங்க, லென்ஸுக்குப் போடுங்க.

பட்டாம்பூச்சி, தவளைன்னா கணக்கே வேற. அதுக்கு மேக்ரோ லென்ஸ். அதனால எந்த உயிரைத் தேடிப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. முடிஞ்சா ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வேடந்தாங்கலோ பக்கத்து ஏரியோ, கையில தூக்கிட்டு நடந்து பாருங்க. கழுத்து வலிச்சா அந்தக் கேமரா அலமாரியிலதான் தூங்கும்.

மறு வருஷம் ஒரு பழைய 70-300 வாங்கிட்டு அதே ஏரிக்குப் போனேன். கரையிலேயே உக்காந்துட்டேன். ஆள்காட்டி ஒரு தடவை கத்திட்டு, அமைதியா நடந்து போய் முட்டை மேல உக்காந்துச்சு. படம் அவ்வளவு கூர்மையா வரலை. ஆனா அதுல பறவை உக்காந்திருக்கு. எனக்கு அது போதும்.

அடுத்த எபிசோடுல ஷட்டர் வேகம் பத்திப் பேசலாம்.