மதமா, ராகியா?
நடத்தையின் உயிரியல் அடிப்படை பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு

யார் நினைவாக இவ்வுரை நிகழ்கிறதோ அந்த ஆசிரியர் நேராகப் பாடத்துக்குள் போகிறவர். நானும் அப்படியே போகிறேன்.

இந்தத் தலைப்பில் எனக்கும் என் துறை நண்பர்களுக்கும் உள்ள வழக்கு இங்கே பலருக்குத் தெரியும். ஒரு விலங்கு ஏன் இப்படி நடக்கிறது என்று மாணவர் கேட்டால், ஒரு சாரார் ஒரு ஹார்மோனின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மறுசாரார், ‘அது பழகிக்கொண்டது, உயிரியலுக்கு அங்கே வேலை இல்லை’ என்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963இல் நான்கு கேள்விகளைப் பிரித்து வைத்தார். உடலுக்குள் நடத்தையை இயக்குவது எது? ஓர் உயிரின் வாழ்நாளில் அது எப்படி உருவாகிறது? பிழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் அதனால் என்ன பயன்? மூதாதையரிடமிருந்து எவ்வழியாக வந்தது? ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை மற்றொன்றின் விடையைத் தள்ளுபடி செய்வதில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் தேர்வுத் தாள்கள் முதல் கேள்வியைத் தாண்டவில்லை.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். ராகிக் கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் மாநில எல்லை கடந்து, ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வருகின்றன. காட்டில் புல் இருக்கும்போது இவை ஏன் என் நிலத்துக்கு வருகின்றன என்று பரணில் கண்விழித்துக் கிடக்கும் விவசாயி கேட்கிறார். ‘மதம் பிடித்த யானை’ என்றோ, ‘ருசி கண்ட யானை’ என்றோ பதில் சொல்லி அவரை அனுப்பிவிடுகிறோம்.

யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதியில் யானைகளைப் பின்தொடர்ந்தார். சூழலியலாளர் மாதவ் காட்கிலுடன் சேர்ந்து 1988இல் அவர் வெளியிட்ட கணக்கு இது: வளர்ந்த ஆண் யானை ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் பயிரில் இறங்கியது. குடும்பக் கூட்டத்து யானை இறங்கியதோ 8 இரவுகள்தான். காடு ஒன்றே, புல் ஒன்றே, ராகியும் ஒன்றே. பசி மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ராகிப் பயிரில் காட்டுப் புல்லைவிடப் புரதம், கால்சியம், சோடியம் அதிகம். அதைத் தின்னப் போகிற யானை பட்டாசையும் தீப்பந்தத்தையும் திருட்டு மின்கம்பியையும் கடந்தாக வேண்டும். இருபது மாதங்களுக்கு மேல் சினை சுமந்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு கன்று ஈனும் பெண் யானைக்கு அந்த ஆபத்து கட்டுப்படியாகாது. இழப்பது ஒரு கன்று என்றாலும் அது பல ஆண்டுகளின் இழப்பு. ஆணின் கணக்கு வேறு. பெரிய உடம்பு உள்ளவனுக்கே போட்டியில் வெற்றி. நன்றாகத் தின்று தேறிய ஆணுக்கே மதம் நெடுநாள் நீடிக்கிறது. மதகாலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுவது உண்மை; கன்னச் சுரப்பி ஒழுகுவதும் உண்மை. ஆனால் மதநீர் ஒழுகாத ஆண்களும் வயலில் மேய்கின்றன. ஆகவே மதம் யானையை ராகிக்கு இழுத்து வருகிறது என்பதைவிட, ராகி உடம்பைத் தேற்றி மதத்துக்குக் கொண்டுபோகிறது என்பதே பொருந்துகிறது. முதல் கேள்வியோடு நிற்கும் நண்பர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுகிறார்கள்.

மறுசாராருக்கும் விடை இருக்கிறது. நிஷாந்த் ஸ்ரீனிவாசய்யாவும் சுகுமார், அனிந்திய சின்ஹா உள்ளிட்ட குழுவினரும் தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளை 1,445 படப்பதிவுகள் வழியே ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண் யானை தனித்துத் திரிவது என்றுதான் நாம் படித்தோம். ஆனால் காடு துண்டுபட்ட, மனிதர் மாற்றியமைத்த நிலங்களில் இளம் ஆண்கள் நிலையான ஆண் கூட்டங்களாகச் சேர்ந்து வாழ்வதை இவர்கள் கண்டார்கள். மாறக்கூடியது உயிரியல் ஆகாது என்று சொல்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? ஆபத்தான இடத்தில் கூட்டு சேரவும், மூத்ததைப் பார்த்துக் கற்கவும் திறன் தருவது அதே யானையின் மூளைதான். கற்றலும் உடம்பின் வேலையே.

இது வகுப்பறைச் சண்டை மட்டுமன்று. ‘கெட்ட பழக்கமுள்ள யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் தீரும்’ என்ற முடிவு ‘வெறும் பழக்கம்தான்’ என்ற அந்தத் தவறான பாடத்திலிருந்து பிறக்கிறது. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினர் இடம்மாற்றிய 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை அணிவித்துக் கண்காணித்து 2012இல் எழுதினார்கள். சில திரும்பி வந்தன, சில அலைந்து திரிந்தன, சில புது இடத்தில் தங்கின. தொல்லை ஓயவில்லை.

நேரம் ஆகிறது. மனிதரைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், சுருக்குகிறேன். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறக்கம் வராமல் கிடக்கும் தொழிலாளியை ‘மனக்கட்டுப்பாடு இல்லாதவர்’ என்பதும் இதே வகைப் பிழை. அங்கே வேலை செய்வது உடற்கடிகாரம். எம்.கே. சந்திரசேகரன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்து ஒரு மரபையே உருவாக்கினார். அதை இந்த ஊர் ஆலை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும்.

மாணவர்கள் எடுத்துக்கொள்ளச் சில வேலைகள். ராகியை விட்டு ரோஜா, காய்கறி பயிரிட்ட ஊர்களில் யானை வருகை எப்படி மாறியது? சாணத்திலிருந்து அழுத்த ஹார்மோனை அளந்து, காட்டில் இருக்கும் ஆணையும் வயலோரத்து ஆணையும் ஒப்பிடலாம். சுழற்சி முறைப் பணியில் வாரம் ஒருமுறை நேரம் மாறுவோரின் உறக்கக் குறிப்பேடு ஓராண்டுக்கு வேண்டும். அறுவடைக் காலத்தில் பரண் காவலிருப்போரின் உறக்கத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இரவுப் பணியாளர்களே.