கப்பல் நேரம், கார் நேரம், கடிகார நேரம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "சார், உங்க வெளிநாட்டுப் பயணத்தைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். நான் பார்த்த ஊர்களை எல்லாம் இப்போது நீங்கள் செல்போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு நாளில் கணிதம் படித்த நான் ஒரு கழித்தல் கணக்கில் கோட்டைவிட்டேன். அதைக் கண்டுபிடித்தது என் மனைவி. அவரும் இந்தக் கல்லூரிதான். தாவரவியல், எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நான் பொய் சொல்ல வழியில்லை.

2023 ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி ஆகியோரோடு சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் சொகுசுக் கப்பலில் போனோம். கப்பல் ஒவ்வொரு ஊரிலும் காலையில் நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். இடைப்பட்ட நேரத்தில் நாம் ஊரைச் சுற்றிவிட்டு வரலாம். அப்படி நின்ற ஊர்களில் ஒன்று ஸ்காக்வே.

ஸ்காக்வே ரொம்பச் சின்ன ஊர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மூன்று நான்கு கப்பல்கள் ஒரே நாளில் வந்து நின்றால் ஊர்க்காரர்களைவிட விருந்தாளிகள் பல மடங்கு ஆகிவிடுவார்கள். ஆனால் 1897, 98-ல் இந்த ஊர் பட்ட பாடே வேறு. கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றங்கரைப் பக்கம் 1896-ல் தங்கம் கிடைத்தது. மறு வருஷம் ஜூலையில் அந்தத் தங்கத்தோடு ஒரு கப்பல் சியாட்டிலில் வந்து இறங்கியதும் ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி வடக்கே கிளம்பியது. கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். ஸ்காக்வேயில் இறங்கி, ஒயிட் பாஸ் என்ற கணவாய் வழியாக மலையேறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமான் கையில் இல்லாவிட்டால் கனடாப் போலீஸ் எல்லையில் விடாது. அந்தச் சுமையை எல்லாம் குதிரை மேல் ஏற்றி, பாறையிலும் சேற்றிலும் அடித்து ஓட்டினார்கள். ஏறத்தாழ மூவாயிரம் குதிரைகள் அந்த வழியிலேயே செத்து விழுந்தன. செத்த குதிரைப் பாதை என்றே அதற்குப் பேர். மனுஷனுக்குப் பொன்னாசை, பாவம், வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்?

பிறகு 1898-ல் ஆரம்பித்து 1900-ல் ஒரு குறும்பாதை ரயில் போட்டு முடித்தார்கள். அந்த ரயில் இன்றைக்கும் ஓடுகிறது. கப்பலில் வருகிறவர்களில் நிறையப் பேர் அதில்தான் போகிறார்கள். நல்ல ரயில்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு ஒத்துவரவில்லை. பேத்திக்குப் பிடித்த இடத்தில் நிற்க வேண்டும், எனக்கு வயது காரணமாக ஒன்றரை மணிக்கொரு தரம் நிற்க வேண்டும். ரயிலோ பஸ்ஸோ நமக்காக நிற்குமா? அதனால் மகன் ஒரு கார் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றான். கிளாண்டைக் நெடுஞ்சாலை வழியாகக் கனடாவுக்குள் போய், கார்கிராஸ் என்ற கிராமத்தையும், அதைத் தாண்டி எமரால்டு ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். போக எழுபத்து மூன்று மைல், வர எழுபத்து மூன்று மைல்.

இங்கே மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு நீங்களும் வெளிநாட்டில் வேலைக்குப் போய், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறீர்கள். சின்ன ஊரில் வாடகைக் கார்கள் கொஞ்சம்தான் இருக்கும். கப்பலிலிருந்து இறங்கி, "கார் இருக்கா?" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் காரை எல்லை தாண்டி ஓட்டிப்போக அனுமதி உண்டா என்று கேட்டு, ஒப்பந்தத் தாளை வண்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் விசா. கப்பலில் வருகிறோமே, ஒரு நாள்தானே என்று நம்மவர்கள் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சுற்றுலாப் பயணிக்குக் கனடா எல்லையில் கனடா விசா கட்டாயம் வேண்டும். எங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஏனென்றால் சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று 1886-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் கப்பல் திரும்பும்போது கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையில் பூட்டிவைத்துவிட்டுப் போகாதீர்கள். அசலே கையில் இருக்க வேண்டும்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். சியாட்டில் நேரத்தைவிட அலாஸ்கா நேரம் ஒரு மணி பின்னால். கப்பலில் ராத்திரி அறிவிப்பு செய்தார்கள், நான் உடனே என் கைக்கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். எல்லை தாண்டி யூகானுக்குள் போனால் அங்கே அலாஸ்காவைவிட ஒரு மணி முன்னால். யூகானில் 2020-லிருந்து வருஷத்துக்கு இரண்டு தரம் கடிகாரம் மாற்றும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆக, காலையில் ஒரு நேரம், மத்தியானம் ஒரு நேரம், திரும்பும்போது பழைய நேரம். என் மனைவியின் கைக்கடிகாரம் மட்டும் எங்கே போனாலும் இந்திய நேரம்தான். எண்பத்தாறு வயதான அவருடைய அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார். அங்கே மருந்து கொடுக்கும் நேரமா, தூங்கும் நேரமா என்று பார்த்துத்தான் போன் பண்ண வேண்டும். "நம்ம ஊர் நேரத்தை மாத்தவே மாட்டேன்" என்று பிடிவாதம். அலாஸ்கா நமக்குப் பதிமூன்றரை மணி பின்னால். பகல் இரவை மறந்துவிட்டு முள்ளைப் பார்த்து ஒன்றரை மணி குறைத்தால் அலாஸ்கா நேரம் வந்துவிடும். இதை அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் கேலி பண்ணினேன்.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஐந்து மணிக்குள் கப்பலில் ஏறியாக வேண்டும், ஐந்தரைக்குக் கப்பல் புறப்படும். நான் ஒரு தாளில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். ஏரியிலிருந்து இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சாலையைப் பற்றி என்ன சொல்வது! கடல் மட்டத்தில் ஆரம்பித்துப் பதினைந்து மைலுக்குள் 3,292 அடி ஏறிவிடுகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பாதாளம், எதிர் மலையில் நூல் மாதிரி அந்த ரயில் பாதை. அருவிகள் எத்தனை என்று பேத்தி எண்ண ஆரம்பித்து, இருபதோடு விட்டுவிட்டாள். உச்சி தாண்டியதும் மரங்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன. பாறையும் சின்னச் சின்னக் குட்டையுமாக வேறு ஏதோ கிரகம் மாதிரி. கனடாச் சோதனைச் சாவடியில் ஐந்து நிமிஷம். அங்கிருந்து வேகப் பலகைகள் எல்லாம் கிலோமீட்டரில். எங்கள் காரின் வேகமானியோ மைலில். 90 என்று போட்டிருக்கிறதே என்று 90-ல் அழுத்தினால் 145 கிலோமீட்டர் வேகம்! வழியில் ஒரு கருங்கரடி சாலையோரம் ஏதோ மேய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தோம். எங்களை அது லட்சியமே பண்ணவில்லை.

கார்கிராஸ் ஏரிக்கரைக் கிராமம். கிளாண்டைக் தங்கத்தைக் கண்டெடுத்தவர்களில் டாகிஷ் பழங்குடியினரான ஸ்கூக்கம் ஜிம் கடைசியில் அடக்கமானது இந்த ஊரில்தான். உலகத்திலேயே மிகச் சின்னப் பாலைவனம் என்று ஊர்ப்பக்கத்தில் ஒரு மணல்வெளியைக் காட்டுகிறார்கள். ஒரு சதுர மைல் அளவு. உண்மையில் அது பாலைவனம் இல்லை, பனியுகத்து ஏரி வற்றியபின் மிஞ்சிய மணல். சுற்றிலும் பனிமலை, நடுவில் மணல் மேடு. பேத்தி சறுக்கி விளையாடினாள். அங்கேதான் மகனுடைய போனுக்குச் சிக்னல் கிடைத்தது. போன் தானாகவே யூகான் நேரத்துக்கு மாறிக்கொண்டது. "அப்பா, ஒரு மணி கூடக் காட்டுது. கப்பல் நேரத்துக்கு ஒண்ணு குறைச்சுக்கணும், ஞாபகம் வெச்சுக்குங்க" என்றான். வைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

எமரால்டு ஏரியின் நிறத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மயில் கழுத்தில் பாதி, கிளிப்பச்சையில் பாதி. ஏரியின் அடியில் சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளைக் களிமண் படிந்திருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அந்த நிறம். மருமகள் துணியை விரித்து, தட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். மகன் போனைப் பேத்தி படம் எடுக்க வாங்கிக்கொண்டு போய்விட்டாள். காரின் கடிகாரமோ முன்னால் எடுத்தவர்கள் எப்படி விட்டார்களோ அப்படியே இருந்தது.

"அப்பா, கப்பல் நேரம் என்ன?" என்றான் மகன்.

என் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டேகால். ஒன்று குறைத்தேன். "ஒண்ணேகால்."

"அப்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு" என்று அவன் புல்லில் காலை நீட்டிவிட்டான். நானும் நீட்டினேன். என் கடிகாரம் கப்பல் நேரத்திலேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நான் தொடவே இல்லை என்பது என் மூளையில் உறைக்கவே இல்லை. குறைக்க வேண்டியது போனின் நேரத்தில். நான் குறைத்தது கடிகார நேரத்தில்.

பத்து நிமிஷம் போயிருக்கும். மனைவி அம்மாவுக்குப் போன் பண்ணலாமா என்று தன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயோ, அங்க விடியக்காலை நாலு மணி ஆகப்போகுது" என்றார். அப்படியே விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "ஏங்க, என் வாட்ச்ல மூணு அம்பத்தஞ்சு. ஒண்ணரை குறைச்சா ரெண்டு இருபத்தஞ்சு. நீங்க ஒண்ணேகால்னு சொன்னீங்களே?"

"நீ ஏதாவது குழப்பாதே" என்றேன் நான். இதைச் சொன்னதற்காக இந்த மேடையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மருமகள்தான் எழுந்து போய்க் குழந்தையிடம் போனை வாங்கிப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து, யூகான் நேரம். ஒன்று குறைத்தால் இரண்டு இருபத்தைந்து. "மாமா, அத்தை சொல்றதுதான் சரி" என்றாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

துணியைச் சுருட்டியதும் காரில் ஏறியதும் தெரியாது. கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகக் கார் எடுத்துக்கொண்டு போனால் காத்திருக்காது. அடுத்து கப்பல் நிற்கும் ஊருக்கு ஸ்காக்வேயிலிருந்து சாலையே கிடையாது. சின்ன விமானத்தையோ படகையோ பிடித்து, சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். என்னுடைய சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் கப்பல் அறையில். ஏழு வயதுக் குழந்தை மடியில்.

மகன் வேகமாக அழுத்தினான். மருமகள் ஒரே வார்த்தை சொன்னாள்: "கப்பல் போனா போகட்டும். மெதுவாப் போங்க." அவன் குறைத்துக்கொண்டான். கணவாய் உச்சியில் மூடுபனி. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. காரில் யாரும் பேசவில்லை. நான் அட்டவணைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அமெரிக்கச் சோதனைச் சாவடியில் வரிசை. எங்கள் முறை வந்தபோது நாலரை ஆகப்போகிறது. அதிகாரி, "பழம் ஏதாவது இருக்கிறதா?" என்றார். இல்லை என்று மகன் வாயைத் திறப்பதற்குள் மனைவி பின்னாலிருந்து, "இருக்கு, இருக்கு" என்று கைப்பையைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். மலைப்பாதையில் குமட்டினால் மோந்து பார்க்க சியாட்டிலிலிருந்தே கொண்டுவந்தது! அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாங்கி வைத்துக்கொண்டு, சிரித்துவிட்டு விட்டார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எலுமிச்சை கொண்டுவரக் கூடாதாம். மறைத்திருந்தால் வண்டியை ஓரம் கட்டிச் சோதனை போட்டிருப்பார்கள். அன்றைக்கு அவருடைய உண்மை எங்களுக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியது என்பது என் எண்ணம்.

நாலு நாற்பதுக்குச் சாவியைக் கொடுத்தோம். பெட்ரோல் நிரப்பவில்லை, அதற்குத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள், பிடிக்கட்டும். பேத்தியை மகன் தோளில் தூக்கிக்கொள்ள, நாங்கள் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் துறைக்குப் போனோம். ஏணியில் கால் வைத்தபோது என் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு. நான் எதையும் குறைக்கவில்லை.

மேல்தளத்தில் போய் நின்றோம். ஐந்தேகாலுக்கு இரண்டு பேர், கணவன் மனைவி போலிருக்கிறது, துறையில் ஓடி வந்தார்கள். ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள். தளத்தில் நின்ற சிலர் கை தட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் நகர்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தன் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு மணி ஆகுது, அம்மா எழுந்திருப்பாங்க" என்று சொல்லிப் போனை எடுத்தார். நான் சரிபார்க்கவில்லை. சரியாகத்தான் இருந்தது.