திருப்பித் தராத கேசட்



1986-இல் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ வெளிவந்தது. படம் கிடையாது, பாட்டு கிடையாது. வெறும் வாத்திய இசை. தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. வயலின், வி. எஸ். நரசிம்மன்.

நேரு வீதியில் வாங்கிய அந்தக் கேசட்டை என் அறைத்தோழன் விடுதிக்குக் கொண்டுவந்தான். “என்னடா இது, கர்நாடகமும் இல்ல, வெஸ்டர்னும் இல்ல, ரெண்டு வருஷம்கூடத் தாங்காது”ன்னேன். அவன் சிரிச்சான். “இன்னொரு தரம் கேளு”ன்னு என் கையிலேயே கொடுத்துட்டான்.

1988-இல் பாலுமகேந்திராவின் ‘வீடு’ வந்தது. பின்னணியில் அதே இசை! சொந்த வீட்டுக்கு அல்லாடும் நடுத்தரக் குடும்பத்தின் வேதனை அந்த வயலினில் கேட்டது. என் காதுதான் மட்டம் என்று அன்றைக்குப் புரிந்தது.

ராகமும் பாக்கின் பல குரல் பின்னலும் ஒன்றையொன்று விழுங்காமல் அதில் பேசிக்கொள்கின்றன. அதனால்தான் ஒருவர் கேட்டு இன்னொருவர் கையில் கொடுத்தே முப்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது.

அவன் இன்று நம்மிடையே இல்லை. கேசட் என்னிடமே இருக்கிறது. “நீ சொன்னதுதான்டா சரி” என்று அவனிடம் நான் சொல்லவேயில்லை.

தம்பி தங்கைகளே, புதிய ஒன்றை ஒதுக்குமுன் இன்னொரு தரம் கேளுங்கள். நண்பனிடம் சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுங்கள்.