கேட்டதைச் சீர்தூக்கும் கல்வி

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சுற்றுச்சூழலையும் மக்கள் உடல்நலத்தையும் பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் இன்று நம்மிடையே உள்ளனர். பட்டத்தோடு அவர்கள் பெறவேண்டிய மற்றொரு செல்வம் உண்டு. அதுவே ஆய்ந்தறியும் திறன். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. ஆய் மன்னர் காலந்தொட்டுப் பெயர்பெற்ற விழிஞ்ஞமே போதும்.

2025 மே மாதத்தில் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல், மே 25ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் கடலுள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் உயிர் தப்பினர். கப்பலில் இருந்த சரக்குப் பெட்டகங்கள் 640. அவற்றுள் 13இல் ஆபத்தான பொருள்கள். அவற்றுள்ளும் 12இல் கால்சியம் கார்பைடு. சில நாள்களில் வெண்மணி போன்ற பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரக் கரையில் ஒதுங்கின.

உடனே இரு குரல்கள் எழுந்தன. மீனெல்லாம் நஞ்சு என்றது ஒன்று. அச்சமே வேண்டா என்றது மற்றொன்று. முன்னது பொய்யாயின் ஒரு குற்றமும் செய்யாத மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. பின்னது பொய்யாயின் உண்பவர் உடல் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று உண்மை காண வேண்டியவர் யார்? அத்துறை பயிலும் மாணவரே அல்லவா?

அவர் கேட்க வேண்டிய முதல் வினா, பொருளின் இயல்பு யாது என்பது. கார்பைடு நீர் பட்டவுடன் அசிட்டிலீன் வாயுவையும் சுண்ணாம்பையும் தரும். வாயு தீப்பற்றும், ஆதலின் அருகில் செல்வோர்க்கு உடனடி ஆபத்து. ஆயினும் அது மீனின் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கும் நஞ்சன்று. பிளாஸ்டிக் குருணையோ இதற்கு நேர்மாறு. தொட்டவரை உடனே ஒன்றும் செய்யாது, ஆனால் மக்காது, நீரிலுள்ள நச்சுக்களைத் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும், மீன் அதை இரையென்று விழுங்கும். இரண்டையும் நஞ்சு என்னும் ஒரே சொல்லில் அடைப்பவர் இரண்டையும் அறியாதவரே.

இரண்டாம் வினா, எவ்வழியாக, எவ்வளவு என்பது. தென்மேற்குப் பருவக் காலத்தில் இக்கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்வது. ஆதலாற்றான் குருணைகள் கன்னியாகுமரி வரை வந்தன. நீரோட்டத்தின் போக்கை மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். மாணவர் அவரிடமும் பாடம் கேட்க வேண்டும். மேலும், குருணை மீனின் குடலில் இருப்பது வேறு. நாம் உண்ணும் தசையில் நஞ்சு சேர்வது வேறு. குடல் நீக்கிச் சமைக்கும் பெருமீனும், முழுதாக உண்ணும் சிறுமீனும் ஒன்றல்ல. அளந்து பார்த்தே சொல்ல வேண்டும். அளவாமல் 'தீங்கு காணப்படவில்லை' என்பது 'தீங்கு இல்லை' என்பதாகாது.

மூன்றாம் வினா, சொல்பவர் எதைக்கொண்டு சொல்கிறார் என்பது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர்நீதிமன்றத்தை அணுகியது. அக்கப்பல் குழுமத்தின் மற்றொரு கப்பல் நீதிமன்ற ஆணைப்படி விழிஞ்ஞத்தில் தடுத்து நிறுத்தப்பட்டது. பின்னர் பிணையாக வைக்குமாறு நீதிமன்றம் பணித்த தொகை 1,227.62 கோடி. கேட்ட தொகையில் பெரும்பகுதி சுற்றுச்சூழல் கேட்டிற்கானது. கடலின் கேட்டை எவ்வாறு ரூபாயில் அளந்தனர்? மீனவர் இழப்பை எத்தனை நாள் தொழிலைக்கொண்டு கணித்தனர்? இவ்வாறு வினவுதல் அரசை எதிர்ப்பதும் அன்று. நிறுவனத்திற்குத் துணைபோவதும் அன்று. சரக்குச் சீட்டையும் வண்டியிலுள்ள மூட்டையையும் ஒத்துப்பாராமல் கையெழுத்திடுவது எங்கள் ரயில்வேயில் முறையாகுமா? அதுபோன்றதே இதுவும்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றே காரணமென்று கற்றவரும் நம்பினர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தவர் எந்நீரைப் பருகினர் என்று விசாரித்துப் பிராட் தெருவின் நீரேற்றுக் குழாயைச் சுட்டினார். அருகிலிருந்த மதுவடிசாலைத் தொழிலாளர் நோயுறாமை தம் கருத்துக்கு மாறாகத் தோன்றியபோதும் அதை மறைத்தாரல்லர், ஆராய்ந்தார். அவர்கள் அக்குழாய் நீரைப் பருகாதவர் என்பது தெரிந்தது. தம் கருத்துக்கு மாறான சான்றையும் தேடிச் செல்வதே அறிவின் நேர்மை.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். குறிப்பேட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவதோடு மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். "ஏன்?" என்று வீட்டில் கேட்கும் பிள்ளையை "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்காதீர்கள். வீட்டில் அடங்கிய வினா ஆய்வுக்கூடத்தில் எழாது. விடுமுறையில் அவர்களை விழிஞ்ஞக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலை உலர்த்தும் மீனவரோடும், அங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரோடும் உரையாடச் செய்யுங்கள். நாளை இன்னொரு கப்பல் மூழ்கினால், அந்த மீனை உண்ணலாமா என்று ஊரார் கேட்கும்போது, அச்சத்தாலும் ஆசையாலும் அன்றிச் சான்றால் விடைகூறும் பிள்ளை நம் காலனியிலிருந்து எழுக!